ஏரியா ஏழு

ஏரியா பூச்சியம் யாழ்ப்பாணம்.
ஆஸ்பத்திரி வீதியில், இரண்டாம் மாடியில்,
குளிரூட்டி ஒழுகும் வாளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.
அங்கிருந்து தீவுகளின் மேலால் தாவி
குறிகட்டுவான் கம்பத்தில் ஏறி
அலையாய்க் கடல் கடந்து
நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் இறங்குவது ஏரியா ஏழு.
ஒரே ஒரு ரவுட்டர். வயது பதினொன்று.

அதற்கு நாங்கள் இரவு பகலாய் அனுப்பினோம்
கொழும்பு வலையிலிருந்து எங்கள் எல்லையில் கொட்டுண்ட
அறுநூற்றுச் சொச்சம் வெளிவழிகளை:
மாத்தறைக் களஞ்சியத்துக்கு இப்படி,
பதுளை ஆய்வுகூடத்துக்கு இப்படி,
புத்தளத்தில் ஏதோ அறுந்துவிட்டது,
இல்லை, பொருத்தியாயிற்று.
பரசிட்டமோல் கணக்கு யாழ்ப்பாணம் போய்ச் சேரவேண்டி
முழு நாட்டையும் பாடமாக்கி
மத்தியானங்களில் அது விழுந்து விழுந்து எழும்பியது.

மருந்து ஒரு சொல். ஸ்டப்.
எல்லையில் நிற்கும் ரவுட்டர் வெளிவழிகளை மறித்துவிட்டு
'தெரியாத எதற்கும் என்னிடம் வா' என்று
ஒற்றை வழியை உள்ளே கொடுக்கும்.

வியாழன் பின்னேரம் நாலேகால்.
எல்லையில் எழுதினேன்: ஏரியா ஏழு ஸ்டப்.
தேத்தண்ணியை எடுக்கமுதல்
தீவு போய்விட்டது.

தெரியாமல் செய்த பிழை அல்ல, அதுதான் வெட்கம்.
ஓஎஸ்பிஎஃப் அயலவர் பத்து வினாடிக்கொருக்கால்
ஹலோ சொல்லிக்கொள்வார்கள்.
ஹலோவுக்குள் ஒரு பிட்:
வெளியாரைப் பற்றிக் கேட்பேன், அல்லது கேளேன்.
இருபக்கமும் ஒரே பதில் இல்லையென்றால் அயல் இல்லை.
குரல் கேட்கும், ஆள் இருப்பது தெரியும், உறவு கிடையாது.
மதிலுக்கு மதில் வாழும் எங்கள் ஊருக்கு
இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தூரத்தில் முதல், கிட்டத்தில் பிறகு.
நான் கிட்டத்தில் தொடங்கிவிட்டேன்.
எழுதியதை அழித்தேன்.
அறுநூறு வழிகளும் ஒரே மூச்சில் திரும்பிப் பாய,
கிழடு தாங்காமல் உறைந்துபோனது.
மருந்தாளர் அமலதாஸ் போனில் சொன்னார்:
"நிப்பாட்டிப் போட்டுப் பாத்திட்டன் பிள்ளை.
பச்சை மூண்டு தரம் மினுங்குது. பிறகு செம்மஞ்சள்."

விடியப் பஸ். பிறகு படகு.
பையில் நீலக் கொன்சோல் வயர்,
மடியில் மடிக்கணினி, பொலித்தீனால் மூன்று சுற்று.
காலுக்கடியில் கோழித்தீன்,
எதிரே ஒரு காஸ் சிலிண்டரைக் குழந்தைபோல் அணைத்தபடி
ஒரு கிராம அலுவலர்.
வெளிக்கடலில் எல்லோரும் ஒன்றாய் வாய்மூடினோம்.

மருந்தறை மூலையில், சேலைன் பெட்டிமேல் குந்தி
அலைக்கம்பியைக் கழற்றினேன், வெள்ளம் நுழையாதிருக்க.
பிறகு அந்த ஒரு வரி.
நகரத்துக்குப் போன் எடுத்தேன், நிரோசன் அங்கே அதே வரி.
கம்பியைத் திரும்பச் செருகினேன்.
ஹலோ. ஹலோ. முழுமை.

பக்கம் பக்கமாய் ஓடிய அட்டவணை
இப்போது என் உள்ளங்கையளவு.
யாழ்ப்பாணத்து வழிகள் சில.
கடைசியில் நாலு பூச்சியம், அதாவது எங்கேயும்.

"அப்ப, கொழும்பு இருக்கிறதே இதுக்குத் தெரியாதோ?"
"தெரியத் தேவையில்லை அண்ணை.
எங்க போறதெண்டாலும் வாசல் ஒண்டுதானே."
அமலதாஸ் பஞ்சிச் சிரிப்புச் சிரித்தார்.
"அதை எங்களுக்கு மிசினோ வந்து சொல்லவேணும்?
மாவுக்கும் அதுதான், மண்ணெண்ணெய்க்கும் அதுதான்.
போன மாரியில காத்துக்குப் படகு இல்லை.
பிள்ளை இஞ்சதான் பிறந்தது, இந்த மேசையில."
மேசையைத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

பிறகு கேட்டார்:
"பள்ளிக்கூடத்துக்குச் செய்மதித் தட்டு வருகுதாம்.
அதையும் இதில கொளுவலாமோ?"
"கொளுவினா இது பிறகு ஸ்டப் இல்லை.
சொந்தமா வெளிவாசல் உள்ளதை இப்பிடி வைச்சிருக்க ஏலாது."
"அதை அப்பிடியே ஒரு கடிதமா எழுதித் தாங்கோவன்,
கச்சேரிக்குக் குடுக்க."
தாள் தேடினார். படகு ஊதியது.

இறங்குதுறையில் பயணிகள் பதிவேடு.
போகுமிடம் என்ற நிரலில்
முதல் ஆள் குறிகட்டுவான் என்று எழுதியிருந்தார்.
அதன் கீழே மேற்படி, மேற்படி,
தாள் முடியுமட்டும் மேற்படி.
பேனை வாங்கி நானும் எழுதினேன்.