மடித்தால் சைக்கிள் இல்லை

வெள்ளிச் சந்தையில் நாலு தினார்.
மூன்றுக்குக் கேட்டேன்.
விற்றவன் சைக்கிளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
நடுவில் ஒரு கீல்.
திறக்கவும் மாட்டேன் மூடவும் மாட்டேன் என்று
பாதி மடிந்த முழங்காலாக நின்றது.
டாக்ஸிக்காரர் கயிறு தேடினார்.
சால்மியா வரைக்கும்
டிக்கி வாய்பிளந்தபடியே வந்தது.

பிலோமி கேட்டாள்:
பகலெல்லாம் ஆஸ்பத்திரியில்
கத்தரியும் இடுக்கியும் கழுவுகிறாய்,
ராத்திரிக்கு இதுவா?

உண்மைதான். தட்டுக்கு அறுபத்து நாலு உருப்படி.
ஒவ்வொன்றாக எண்ணி, மூட்டு மூட்டாகத் திறந்து பார்த்து
நீராவிக்கு அனுப்புகிறவள் நான்.
ஒரு பொட்டுக் கறை இருந்தால் போதும்,
மேலிருந்து திரும்பி வரும், சிவப்பு மைக் கையெழுத்தோடு.
அவளிடம் சொன்னது: சும்மா, பொழுதுபோக்கு.
சொல்லாதது:
யார் வயிற்றுக்குள்ளும் போகப்போகாத இரும்பு ஒன்று
எனக்கு வேண்டியிருந்தது.

எட்டாம் மாடி பால்கனி.
ஏசி இயந்திரம் முதுகில் அனல் ஊத
வாஷிங்மெஷின் அட்டையை விரித்து உட்கார்ந்தேன்.
கழற்றிய வரிசை மாறாமல்
நட்டுகளை முட்டை அட்டைக் குழிகளில் வைத்தேன்.
பதினேழாவது குழியில் இருந்தது
எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.
எலுமிச்சை உப்பில் ஊறிய ஹேண்டில்பார்
வாளித் தண்ணீரைக் கட்டன்சாயா ஆக்கியது.
அலுமினியத் தாளைச் சுருட்டித் தேய்க்கத் தேய்க்க
குரோமியத்தில் முதலில் தெரிந்தது பால்கனி விளக்கு,
அப்புறம் என் மூக்கு, ரொம்பப் பெரிதாக.

சுரண்டினால் பச்சை.
பச்சைக்கு அடியில் நீலம்.
அதற்கும் அடியில்
பீட்ரூட் நறுக்கிய கையின் நிறம்.
மூன்று பேர் மூன்று தடவை
இதைப் புதிது என்று நம்பியிருக்கிறார்கள்.

பெடல் தண்டின் காட்டர் பின் மட்டும் வரவில்லை.
எண்ணெய் விட்டு மூன்று நாள்,
சுத்தியல், பிலோமியின் ஹேர்டிரையர்,
கெட்ட வார்த்தை, முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில்.
கடைசியில் ஹவல்லி, மொக்லேஸின் கடை.
வைஸில் பூட்டி இரண்டு சுற்று.
டொக்.
டாக்டரா நீங்கள், என்றான் என் அடையாள அட்டையைப் பார்த்து.
டாக்டரின் கத்தியைக் கழுவுகிறவள்.
அப்படியானால் அரை தினார் போதும்.

ஜூன் இரண்டாம் வாரம்
கடைசிப் பூச்சு காயாமல் இருந்தபோது
நான் வேலையில் இருந்தேன்.
ஜன்னலில்லாத அறையில் தூசிப்புயல் தெரியாது.
வீட்டுக்கு வந்து விரலால் தடவினால் உப்புத்தாள்.
அழுதுக்கோ, என்றாள் பிலோமி, தட்டில் சோறு போட்டபடி.
பின்பாதியைத் திரும்பத் தேய்த்துத் திரும்ப அடித்தேன்.
முன்பாதிக்கு எனக்குப் பொறுமையில்லை.
அங்கே மணல் அப்படியே இருக்கிறது.
தூக்க நல்ல பிடி.

லிஃப்டில் சைக்கிள் கூடாது.
காவலாளி சுப்ஹி பலகையைக் காட்டினார்,
படம் போட்டு, குறுக்கே கோடு இழுத்த பலகை.
கீலின் கொக்கியை விடுவித்தேன்.
சக்கரங்கள் இரண்டும்
ஒன்றையொன்று முகம் பார்த்து ஒட்டிக்கொண்டன.
இப்போது சொல்லுங்கள், இது என்ன?
ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்தார்.
மீசையைத் தடவினார்.
ஷன்தா, என்றார் கடைசியில். பை.
பைக்குத் தடை இல்லை.

இரவு பதினொன்றே முக்கால். முப்பத்தொன்பது டிகிரி.
கடற்கரைச் சாலையில் மீன் வறுக்கிற குடும்பங்கள்,
கைபேசி வெளிச்சத்தில் தனித்தனி முகங்கள்.
ஏறினேன்.
சின்னச் சக்கரம், அவசரக்காரி மாதிரி ஓடுகிறது.
வலது கால் கீழே போகும்போதெல்லாம்
டிக்.
நிறுத்தினேன். கீலை முறுக்கினேன்.
பெடலை உதைத்துப் பார்த்தேன்.
இறங்கித் தள்ளினால் இல்லை, ஏறினால் உண்டு.

அது என் முழங்கால் என்று தெரிய
இன்னும் இரண்டு விளக்குக்கம்பம் ஆயிற்று.