நாற்பது வண்டி விறகு

ஆண்டுக்கு அறுபது பவுண்டு, நாற்பது வண்டி விறகு
என்று ஊர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறது
என் கணவருக்கு.
பவுண்டைக் கண்ணால் கண்டதில்லை.
சோளமாய் வரும்.
ஒருமுறை எலி தின்ற பாதியும் கணக்கில் சேர்ந்து வந்தது.
விறகு வரும்,
பச்சையாக.

டிசம்பரில் வெட்டி டிசம்பரிலேயே இறக்கிவிட்டுப் போவார்கள்.
அடுப்பில் வைத்தால் நுனியில் நுரைத்துச் சீறும்,
புகையும், எரியாது.
அதன் முன் அமர்ந்துதான் எலிப்பேலேத்
ஓய்வுநாளுக்கான நரகத்தைத் தயார் செய்வார்,
இருமிக்கொண்டே.

சபையில் அது எரிகிற எரிப்பைச் சொல்ல வேண்டுமே!
மணற்குடுவை இரண்டுமுறை கவிழும்.
கையுறை கழற்ற முடியாத குளிரில்
நெற்றிகள் வியர்த்ததை
பெண்கள் வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஜனவரியில் ஜேபஸ் குரோக்கரின் பிள்ளை இறந்தது.
மூன்று நாள் வயது.
ஜேபஸ் சபை உறுப்பினன் இல்லை.
எழுந்து நின்று சாட்சி சொல்லக் கூசுகிறவன்.
வாசலில் நின்றான், தொப்பியை எடுக்காமல்.
"எங்கே இருக்கிறான்?"

ஒரு பொய் போதும் அப்போது.
"அது மறைவான சித்தம்" என்றார் இவர்.
மண் இறுகிக் கிடந்ததால்
மார்ச் வரை மாட்டுக்கொட்டிலில் இருந்தது
அந்தச் சின்னப் பெட்டி.

எங்களுக்கும் இரண்டு உண்டு, அந்த மேட்டில்.
நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஆறு உறைந்தது, பிறகு மை.
ஒரு விடியலில் கதவைத் திறந்தால்
ஓக் விறகு.
இரண்டு கோடை காய்ந்தது,
தட்டினால் மணிபோல் பேசியது.
பனியில் சறுக்குவண்டித் தடம்,
பக்கத்தில் பின்கால் இழுத்து நடந்த ஓர் எருதின் தடம்.
கால் இழுக்கும் எருது இவ்வூரில் ஒன்றுதான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்,
பனி அதை மூடும்வரை.

அன்று வீட்டில் புகை இல்லை. மை இளகியது.
குறிப்பேட்டில் எழுதினார்:
"காற்று வடக்கு. விறகு வந்தது. கொண்டுவந்தவன்"
அங்கே நின்றது இறகு.
கடைசிச் சொல்லை ஈரத்திலேயே தேய்த்தார்.
இரவு ஜெபத்தின்போதும் கட்டைவிரல் கறுப்பாக இருந்தது.

ஞாயிறன்றும் அதே நரகம்தான்.
ஆனால் முதல் மணல் தீருமுன்பே ஆமென் வந்துவிட்டது.
யாரும் எழவில்லை.
மூப்பர் ஹெபர் லட்லோ குடுவையை எடுத்து
காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்,
மணல் எங்கோ சிக்கிக்கொண்டதென்று.