வெல்க்ரோ

இசபெலா ஊரின் தையல் ஆலையில்
ராணுவச் சட்டைப் பைகளுக்கு வெல்க்ரோ தைக்கிறேன்.
பத்தொன்பது வருடம்.
தைத்ததும் ஒருமுறை கிழித்துப் பார்க்க வேண்டும்,
நாளைக்கு அறுநூறு கிழிப்பு.
எனக்குப் பார்வை பாதிதான்.
ஊசி எங்கே என்பது விரலுக்குத் தெரியும்,
சரியாக ஒட்டியதா என்பது காதுக்கு.

பிறந்தபோதே பாலாய் வெளுத்திருந்தேனாம்.
இது யார் வீட்டுப் பிள்ளை என்று
அப்பா மருத்துவச்சியிடம் கேட்டாராம்.
நாலு வருடம் கழித்து அப்தியேல், அவனும் அப்படியே.
அப்புறம் அவர் கேட்கவில்லை.

எங்கோ இரண்டு டாக்டர்கள் தங்கள் பெயரைக் கொடுத்த நோய்
போர்ட்டோ ரிக்கோவின் இந்த வடமேற்கு மூலையில்
வீடு கட்டிக் குடியேறிவிட்டது.
தொட்டால் கன்றிப்போகும்.
பல் பிடுங்கினால் மூன்று நாள் துண்டு நனையும்.
வெயிலைக் கண்டால்
கடன் கொடுத்தவன் தெருவைப்போலச் சுற்றிப் போவோம்.
அதெல்லாம் பழகிவிட்டது.
நாற்பது வயதுவரை பொறுத்திருந்து
நுரையீரலுக்கு வருமென்றுதான்
ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பன்னிரண்டு படி.
ஏழாவதில் நின்று
"செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயா?" என்றேன்.
ஒரு கேள்வியைக் கொடுத்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினேன்.
"நம் வீட்டில் செடி ஏது?" என்றான் எஃப்ராயின்.

டாக்டர் கிஞோனெஸ் முதுகில் குழாயை வைத்து
நெடுநேரம் பேசவில்லை.
பிறகு அதை என் காதில் மாட்டி,
நீங்களே கேளுங்கள் என்றார்.
மூச்சை இழுத்து முடிக்கும் இடத்தில், அடியில்,
பொடிப்பொடியாக...
எனக்குத் தெரியாத சத்தமா!
"இரண்டு அங்குலப் பட்டி," என்றேன்.
"மெதுவாகக் கிழிக்கிறார்கள்."
சிரித்துவிட்டார்.
சிரித்ததற்காக அப்புறம் பேனாவைத் தேடினார்.

துண்டு வெட்டிச் சோதிக்க முடியாது, ரத்தம் நிற்காது.
வேறு நுரையீரல் வைக்கலாம்:
கடல் தாண்டிப் போய்க் காத்திருந்தால்,
கிடைத்தால், பொருந்தினால், ரத்தம் உறைந்தால்.

ஞாயிற்றுக்கிழமை அப்தியேல் சாப்பிட வந்தான்.
அவனுக்கு முப்பத்தேழு.
நீலச் சட்டை, தொப்பியைக் கழற்றாமல்
பூனையோடு வம்பளந்துகொண்டிருந்தான்.
திரும்பு என்றேன்.
முதுகில் காதை வைத்தேன்.
மூச்சை இழு. இன்னும். இன்னும் கொஞ்சம்.

"என்ன?" என்றான்.

ஒன்றுமில்லை,
சட்டையில் ஒரு தையல் விட்டிருக்கிறது.
கழற்று, போட்டுத் தருகிறேன்.