வரிசை எண் 41,207

மூன்றாம் மாடி. ஹீட்டர் முணுமுணுக்கிறது.
அறுபத்தோராயிரம் குட்டி வீடியோக்கள்
ஆளுக்குப் பதினைந்து நொடி வாழ்க்கையோடு
சர்வரில் அடுங்கிக் கிடக்கின்றன.
ஆய்வின் தலைப்பு: பொது இடங்களில் முக உணர்ச்சி.
நிதி: இரண்டு ஆண்டு.
காப்பி: அவரவர் காசில்.

லைப்ட்சிக் நகரம் எனக்கு இப்போது
நெடுக்குவாக்கில்தான் தெரியும்,
கைபேசி அகலத்துக்கு ஒடுங்கி:
சந்தைத் திடலில் ஒரு முத்தம்,
ஏரிக்கரையில் வழுக்கி விழுதல்,
ரொட்டிக்கடை வாசலில்
நாய்க்குப் பிறந்தநாள் பாட்டு.
விருப்பக்குறி எத்தனை, பகிர்வு எத்தனை,
பதிவிட்டவர் பெயரை நீக்கியாச்சா, நீக்கியாச்சு.
பெயர் இருந்த இடத்தில் பதினாறு எழுத்துக் கிறுக்கல்.
ஒப்புதல் உண்டா என்று கேட்டது நெறிமுறைக் குழு.
பொதுவில் வைத்தது பொதுவானது என்று எழுதினோம்.
எழுதும்போது ஹென்ரிகே பேனா மூடியைக் கடித்தாள்.

திங்கள்தோறும் ஒரு நிரல் ஓடும்,
போட்டவர்களே அழித்துவிட்டவற்றைத் தேடி.
போன வாரம் நூற்றுப்பன்னிரண்டு.
அழுது அழித்ததா, அலுத்து அழித்ததா,
நிரலுக்குத் தெரியாது.
நாங்களும் அழித்தோம், பதினோரு மணிக்குள்.
பிறகு யாரோ கொண்டுவந்த பிளம்ஸ் கேக்.

குறியிட ஏழு உணர்ச்சிகள், கீழிறங்கும் பட்டியலில்.
கல்லூரியில் நான் மனப்பாடம் செய்த மெய்ப்பாடு எட்டு.
பெருமிதத்துக்கு இங்கே கட்டம் இல்லை.
இளிவரலுக்கும் இல்லை;
பார்த்ததில் பாதி அதுதான்.

நேற்று, நாலு மணிக்கே இருட்டிய பிறகு,
வரிசை எண் 41,207.
கொன்னவிட்ஸ் டிராம் நிறுத்தம். ஒரு பையன்
நான்கு ஆரஞ்சுகளை எறிந்து எறிந்து பிடிக்கிறான்.
மூன்றாவது சுற்றில் ஒன்று நழுவி உருண்டு
பின்னால் நிற்கும் பெண்ணின் செருப்பில் முட்டுகிறது.
குனிந்து எடுத்துத் தருகிறாள்.
கடுகு நிறச் சால்வை.
அந்தச் சால்வை அப்போது
என் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னணி நபர் இரண்டு என்று எனக்குப் பெயர்.
அன்ஸ்கார் போட்டது: சோகம்.
ஹென்ரிகே: நடுநிலை.
பகுதிநேர மாணவன் ஒருவன்: வெறுப்பு, உறுதியில்லை.
மூவரும் மூன்று சொன்னால் நடுநிலை என்பது விதி.

அன்று நான் பல் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.
இடது கன்னம் மரத்து, கீழுதடு எங்கேயோ போய்,
எச்சில் ஒழுகுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து.
அதற்கு அரை மணி முன்புதான்
இந்த வேலை கிடைத்ததாக மின்னஞ்சல்.
வாய் கொள்ளாமல் சிரித்தேன். பாதிதான் வந்தது.
அகத்தின் அழகு முகத்தில் தெரியுமாம்.
தெரிந்தது, வலப்பக்கம்.
கேமரா நின்றது இடப்பக்கம்.

திருத்தட்டுமா என்றேன்.
கூடாது, உன்னை நீயே குறியிட்டால்
ஆய்வு சாய்ந்துவிடும் என்றான் அன்ஸ்கார்.
வேண்டுமானால் நீக்கச் சொல்லிக் கேள்,
யாருக்கும் உரிமை உண்டு, ஒரு படிவம், ஒரு முகவரி.
அந்த முகவரிக்கு வருவதைப் படிப்பவளே நான்தான்.
ஏழு மாதத்தில் இரண்டு வந்தன.
ஒன்று விளம்பரம்.
மற்றதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

படிவத்தில் பாதி நிரப்பினேன்.
என்னை எடுத்தால் வரிசையே போகும்,
பையன் போவான், ஆரஞ்சுகள் போகும்.
சேமிக்காமல் மூடினேன்.

வெளியிடும் முன் கடைசி வேலை, முகம் மறைத்தல்.
அதை ராத்திரி முழுக்க மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.
காலையில் சரிபார்க்கத் திறந்தேன்.
பையனின் முகம் புகை.
நான்கு ஆரஞ்சுகளும் புகை,
வட்டம் வட்டமாக, ஒன்று விடாமல், அவ்வளவு அக்கறையாக,
காற்றில் ஏறி இறங்கும் நான்கு அந்தரங்கங்கள்.
பதினோராம் எண் டிராம் வருகிறது.
கடுகுச் சால்வைக்கு மேலே
கோணிய என் முகம்
முகமென்று கணக்கில் சேராமல்
பளிச்சென்று இருக்கிறது,
ஆரஞ்சை நீட்டியபடி.