பன்னிரண்டு தவு

மூன்று லட்சத்து எண்பதாயிரம் என்கிறது மீட்டர்.
பொய் அது.
எண்ணூர் சாலையில் கண்டெய்னர்களின் வாலைப் பிடித்து
நின்ற இடத்திலேயே உறுமிய இரவுகளை
எந்த மீட்டர் எண்ணியது?
சக்கரம் சுற்றாத அந்த மணிகளிலும்
கேம் சுற்றியது
ராக்கர் தலையாட்டியது
ஆயில் கருத்தது.

அதனால் நான் கிலோமீட்டர் பார்ப்பதில்லை.
டேஷ்போர்டில் ஒட்டிய காலண்டர் தாளில்
ஓடிய மணிகளைக் கோடு கிழிக்கிறேன்.
இருநூறு கோட்டுக்கு ஒருமுறை
ஆயில், பில்டர், இரண்டும்.
கடைக்காரர் சிரிக்கிறார்:
"விக்டோரியாக்கா வண்டி குடிக்கிற மாதிரி
வேற எந்த வண்டியும் குடிக்காது."

தடைக்காலம் முடிய ஒரு நாள்.
நாளை நள்ளிரவு காசிமேடு மொத்தமும் கடலுக்குப் போகும்.
அதற்குள் பதினேழு நடை ஐஸ் இறக்க
வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
இன்று காலை பார்த்து
பானட்டுக்குக் கீழே டிக் டிக் டிக்.

கொருக்குப்பேட்டை கேட் ஓரம் கில்பர்ட்டின் ஷெட்.
காது வைத்துக் கேட்டான்.
சாவியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டான்.
"ஆறட்டும்."
"எவ்ளோ நேரம்?"
"சூட்டுல இரும்பு சொல்ற அளவை நம்பாதக்கா."
ஜூன் மாதத்துக் கொருக்குப்பேட்டையில்
எதுதான் ஆறும்?
ஐஸ் பேக்டரி சபாபதி நான்கு முறை கூப்பிட்டான்.
நான்கு சரக்கு ரயில்கள் போயின.
கேட் மூடியது, திறந்தது, மூடியது.
நான் அரைமணிக்கொரு தரம்
இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல.

இரவு பத்துக்கு மூடியைக் கழற்றினான்.
எட்டு ராக்கர்கள், எண்ணெய் மினுங்க,
கேட் திறக்கக் காத்திருக்கும் தலைகள் மாதிரி.
லோடு ஏற்றும் எட்டியப்பன் டார்ச் பிடித்தான்.

எக்ஸாஸ்டுக்குப் பன்னிரண்டு தவு.
நாலு தலைமுடியை அடுக்கிய தடிமன்
அவ்வளவுதான் வெளி.
கத்திய வால்வு இரண்டாவது சிலிண்டரில். பதினெட்டு.
கில்பர்ட் அலட்டிக்கொள்ளவில்லை.
"இது நல்லது. வாய் விட்டுச் சொல்லிடுச்சு."

பிறகு மூன்றாவது.
நாலு தவுத் தகடும் நுழையவில்லை.
ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது அது.
"பாத்தியாக்கா. இதான்.
இடைவெளி இல்லன்னா முழுசா மூடாது.
மூடினாத்தான் வால்வு
சீட்டுல ஒக்காந்து சூட்டை எறக்கும்.
ஒக்கார நேரம் இல்ல இதுக்கு.
எரிஞ்சுகினே ஓடிகினு கீது.
ஒருநாள் ஒடைஞ்சு பிஸ்டன் மேல விழும்.
அன்னிக்குத்தான் சத்தம் கேப்ப."

டார்ச் வெளிச்சம் ஆடியது.
"ஒழுங்கா புடிடா" என்று திரும்பினேன்.
எட்டியப்பன் இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.
வலது உள்ளங்கையில் பழைய லுங்கித் துணிக் கட்டு.
ஐஸ் இழுக்கிற கொக்கி கிழித்தது;
திங்கட்கிழமை.
இன்று வியாழன்.
"ஒண்ணுமில்லக்கா" என்றான்
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

லாக் நட்டைத் தளர்த்தி, திருகி,
தகடு லேசாக இழுபடும் இடத்தில் நிறுத்தி
மறுபடி இறுக்கினான்.
இறுக்கும்போது அளவு நழுவும்;
மறுபடி அளந்தான்.
புதுக் கார்க் பேக்கிங். மூடி.
ஒண்ணரை மணிக்கு ஸ்டார்ட் செய்தேன்.
எட்டும் சன்னமாகப் பேசின,
தையல் மிஷின் பக்கத்து வீட்டில் ஓடுவது போல.
ஒன்றுகூட ஊமையாக இல்லை.

ஐஸ் பேக்டரிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
வலப்பக்கம் ஒடித்தேன்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில்
சபாபதியின் ஐந்தாவது அழைப்பு.
எடுக்கவில்லை.
"எறங்கு" என்றேன்.
"லோடு இருக்குதேக்கா…"
"எறங்கு."

பதினேழில் மூன்று நடை போனது.
விடியலில் காலண்டர் தாளில் கோடு கிழித்தேன்.
பக்கத்தில் ஒன்று தனியாக.
எதற்கென்று எழுதவில்லை.