அரையடி பின்னால்

மார்கழி பிறந்ததும்
பல்லடத்தில், மங்கலம் ரோட்டில்,
இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவே
லாரி திருப்புகிற காலிச் சைட்டில்
கும்மி பழக ஆரம்பித்தோம்.
டீசல் கறைமேல் சுண்ணாம்பு வட்டம்.
பகல் ஷிப்ட் விட்டு
தலையில் பஞ்சோடு வருகிறவர்கள்,
பேங்கு வேலைக்காரி இந்துஜா,
கோழிக்கடை மயிலாத்தாள்,
அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத மருமகள்
(வட்டத்தில் இரண்டு பேருக்கும் எதிரெதிர் இடம்,
கைதட்டித்தான் ஆகவேண்டும்),
அப்புறம் நான்.
நாற்பத்து மூன்று ஜோடிக் கால்கள்.

பனிக்குத் தப்பட்டைத் தோல் தொய்ந்துவிடும்.
சென்னியப்பன் கழிவு நூலைக் குவித்துக் கொளுத்துவான்.
சாய நூல் பச்சையாக எரியும், ஊதாவாக எரியும்.
சூடேறிய தோலை ஒரு விரலால் சுண்டி
காதுக்குப் பக்கம் வைத்துக் கேட்பான்.
எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

பதினாறு வருசம். ஆறு தறி.
வலது காது முழுசாகப் போயிற்று,
இடது காது நல்ல நாளில் கேட்கும்.
மைக்கில் தேவகி என்ன பாடுகிறாள் என்பதை
எதிரே ஆடுகிறவளின் உதட்டில் படித்து
அப்புறம்தான் கால் எடுத்து வைப்பேன்.
எப்போதும் அரையடி பின்னால்.
"ஏனுங்க நீலவேணியக்கா,
அந்தக் காலு இல்லீங்க, இந்தக் காலு!"
வட்டமே சிரிக்கும்.
என்ன சொன்னாள் என்று தெரியாமலே
நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போகியன்று சாயங்காலம் ஆறு மணிக்கு
ஊரில் அத்தனை தறியும் நின்றது.
ஆவாரை, பூளை, வேப்பிலை
மூன்றையும் சேர்த்து முடிந்து
வாசல் நிலவுக்கு ஒன்று, கிணற்று மோட்டாருக்கு ஒன்று,
ஓனர் வீட்டுப் பையன் வந்து
தறிக்கும் ஆளுக்கொரு காப்புக் கட்டிவிட்டுப் போனான்.
எட்டரைக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் ஆட்டம்.
பச்சைச் சேலை எல்லோருக்கும் ஒரே பீஸில் அறுத்தது.
பாப்கார்ன் வண்டி, ட்யூப்லைட், கவுன்சிலருக்கு நாற்காலி.

முதல் பாட்டு விநாயகருக்கு, தப்பித்தோம்.
வள்ளி தினைப்புனத்துக்குக் காவல் வந்ததும்
எல்லாம் குலைந்தது.
கூட்டத்தைப் பார்த்துத் தப்பட்டை முந்தியது,
பாட்டுப் பிந்தியது,
இந்துஜா தட்டும்போது மயிலாத்தாள் குனிந்திருந்தாள்,
மருமகள் காற்றைத் தட்டினாள்.
படிக்கலாமென்று பார்த்தால்
ஒவ்வொரு உதட்டிலும் ஒவ்வொரு வரி.
போச்சாது போ என்று
கண்ணை மூடிக்கொண்டேன்.

நிமிசத்துக்கு நூற்றி அறுபது நாடா.
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
இந்தக் கரை, அந்தக் கரை.
கால் போட்டேன்.

கண் திறந்தபோது
தேவகி என் பாதத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள்.
சென்னியப்பன் குச்சியைத் தளர்த்தி
என் கொலுசு விழுகிற இடத்தில் அடித்தான்.
வட்டம் மெல்ல, பக்கத்துப் பக்கத்து ஆளாக,
கூடிக்கொண்டு வந்தது.
மாதம் முழுக்க இந்தப் பாட்டை
தறிச் சத்தத்தின் மேல்தான் நடந்து பழகியிருக்கிறோம்.
யாருக்கும் தெரியவில்லை.
தறி நின்றது எனக்குத் தெரியாது.

வீடு வரப் பதினொன்றரை.
நிலவில் பூளைப்பூ பனியில் நனைந்து
பஞ்சுபோலவே இருந்தது, தட்டிவிடப் பார்த்தேன்.
இன்னும் நாலு நாளைக்கு
ஊர் சத்தமில்லாமல் தூங்கும்.
ஜீரோவாட் வெளிச்சத்தில்
போர்வையை விலக்கி அவர் உதடு சொன்னது:
"என்ன நிம்மதி பாரு."
ஆமாங்க என்றேன்.

படுத்தபின்
என் வலது காதில் ஆறும் ஓடின.
நாலாவதில் ஊடை அறுந்தது.
முடிபோட
இருட்டில் கை நீண்டுவிட்டது.