வரவுப் பக்கம்

ஜெசிந்தா,
நேற்று நீ சாவிப்பெட்டி வாங்கினதாகத் தனகோட்டி சொன்னாள்.
நம்பர் பூட்டு வைத்தது. நல்லதுதான்.
ஆனாலும் சாவி மூன்று அடித்து வை.
ஒன்று நெல்லூருக்குப் போய்விடும்,
கூரியரில் வராது.

படம் எடுக்க வருகிற பையன்
மூலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு எடுப்பான்.
நம் பத்துக்குப் பத்து
போனில் மாநாட்டு ஹால் ஆகிவிடும்.
வாசலில் பையோடு நிற்கிறவர் முகத்தில்
அது மறுபடி பத்துக்குப் பத்தாகச் சுருங்குவதை
நீதான் நின்று பார்க்கவேண்டும்.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்
பக்கவாட்டில்தான் போகமுடியும் என்று எழுதிவிடு.
ராத்திரி கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும்,
எழுது.
விடியற்காலை காற்று திரும்பினால்
காசிமேடு ஜன்னல் வழியே வந்து கட்டிலில் உட்காரும்,
அதையும்.
"கடல் காற்று" என்று மட்டும் எழுதி நான் வாங்கின
ஒற்றை நட்சத்திரம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

மேப்பை நம்பாதே, மீன் ஏலத்துக்குக் கூட்டிப்போகும்.
கல்மண்டபத்தில் இறங்கிப் போன் பண்ணச் சொல்.

வெள்ளை விரிப்பு போடச் சொல்வார்கள். போடாதே.
எம்.சி. ரோட்டில் கல்யாணத் துணி எடுக்க வருகிற
மாப்பிள்ளையின் அப்பா
ராத்திரியில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு
குப்புறப் படுப்பார்.

ஆதார் நகல் இல்லாமல் சாவி கொடுக்காதே.
ஸ்டேஷனில் யார் என்று கேட்பதற்கு முன்னால்
தெருவில் கேட்பார்கள்.

தண்ணி.
நாலு மணிக்கு மெட்ரோ வாட்டர் வரும், எழுந்து சம்ப்பை நிரப்பு.
அவர்கள் ஊரில் ஆறு இருக்கும்,
குழாயைத் திறந்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்கள்.
போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது,
அதற்கும் நம்மைத்தான் திட்டுவார்கள்.

ஸ்டான்லி ஆட்கள் உன்னிடமும் வருவார்கள்.
போனில் புக் பண்ணமாட்டார்கள்,
டீக்கடை வரதன் நம்பர் கொடுத்து அனுப்புவான்.
பையைப் பார்த்தாலே தெரியும்:
பிளாஸ்க், கோரைப்பாய், எக்ஸ்ரே உறை.
ஒரு ராத்திரி என்பார்கள்.

செங்கத்திலிருந்து வேடியப்பன் என்று ஒருவர்.
இரண்டு பேருக்கு ரூம் கேட்டார்.
ஆபரேஷன் முடிந்ததும் அவளும் வந்து
ஒரு நாள் படுத்து எழுந்துவிட்டுப் பஸ் ஏறலாம் என்றார்.

பதினொன்றுக்குக் காலி செய்யவேண்டும் என்று
கதவில் சிவப்பு மையில் ஒட்டியிருந்தேன்.
ஆறாவது நாள் பத்து ஐம்பதுக்குத் தனியாக வந்து
அந்தத் தாளைப் படித்தபடியே கேட்டார்:
"பேப்பர் கொடுக்க ரெண்டு மணி ஆகுமாம்.
வண்டி சொல்லியாச்சு.
குளிச்சுக்கட்டுமா?"

கீழே ஆட்டோ நின்றது.
குண்டூர்க்காரர்கள், ஏழு பேர், நாலு சூட்கேஸ்.
மேலே மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி
என் ஹாலில் உட்காரவைத்தேன்.
டீ, பட்டர் பிஸ்கட், பெரிய பேன்.
தலைக்கு மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.
நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.
அந்த அம்மாள் கூரையைப் பார்த்தாள்,
"மோட்டார் ரிப்பேர்னீங்களே?"
டீ ஆறுது என்றேன்.

மூன்று நட்சத்திரம்.
அறை நேரத்துக்குத் தயாரில்லை, வீட்டுக்காரி பொய் சொல்கிறாள்.
இரண்டும் உண்மை.
பதில் எழுதவில்லை.

ஒரு நோட்டு போடு, ஜெசிந்தா.
கமிஷன், சலவை, பல்பு, லாரித் தண்ணி
எல்லாம் அன்றன்றைக்கே எழுது.
லாபம் என்று நினைத்தது பாதி அதில் போயிருக்கும்.
பதினேழு நாள் கழித்து என் போனில் நூறு ரூபாய் வந்து விழுந்தது.
வேடியப்பன்.
குறிப்பில் ஒரே சொல்: தண்ணிக்கு.

செலவுப் பக்கத்தில் மாதாமாதம் எழுதுகிற சொல்தான்.
வரவுப் பக்கத்தில் எழுதியது
அந்த ஒரு தடவை.

சொல்ல மறந்தேன்,
கொசு பேட் இரண்டு வாங்கு.
ஒன்றை எடுத்துப்போய்விடுவார்கள்.